அம்பிகா டீச்சர் நடத்திய கிறிஸ்துமஸ் ஆடிட்

அம்பிகா டீச்சர் எங்கள் பள்ளிக்கு முதன்முதலாக வந்த அன்று வகுப்புக்குள் போகவில்லை. வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்புகளின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, ஓரத்தை விரலால் தடவி, ஜோடி சேர்த்து வரிசையாக வைத்தார். இரண்டை மட்டும் தனியே ஒதுக்கினார். தலைமை ஆசிரியர் என்ற முறையில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். இதில் ஒட்டு பிரிகிறது சார், அதில் தையல் விட்டிருக்கிறது என்றார். ஒதுக்கிய இரண்டும் என்னுடையவை.

அந்த நிமிடமே எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்காமல் போயிற்று. வேலைக்குச் சேர வந்தவர் தலைமை ஆசிரியரின் செருப்பைக் கழித்துக்கட்டினால் யாருக்குத்தான் பிடிக்கும்? அதிலும் அது வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத செருப்பு. அடுத்த வாரமே ஒட்டுப் பிரிந்து, பஸ் ஸ்டாண்டில் ஒற்றைக் காலில் நின்றபோது இன்னும் கொஞ்சம் பிடிக்காமல் போயிற்று.

எங்கள் பள்ளி ஆம்பூரிலிருந்து பாலாற்றைத் தாண்டிக் குடியாத்தம் போகிற வழியில் இருக்கிறது. திருச்சபை நடத்துகிற சின்னத் தொடக்கப்பள்ளி. நான் ஐந்தையும் நாலையும் பார்த்துக்கொள்கிறேன், மூன்றாம் வகுப்புக்கு ஒரு டீச்சர், ஒன்றுக்கும் இரண்டுக்கும் சேர்த்து அம்பிகா டீச்சர். பிள்ளைகளின் அம்மாக்கள் அநேகமாக எல்லாரும் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள். காலையில் கம்பெனி பஸ் எங்கள் காம்பவுண்டு ஓரத்தில்தான் நிற்கும். பிள்ளையை இந்தப் பக்கம் இறக்கிவிட்டு அந்தப் பக்கம் ஏறிப் போய்விடுவார்கள்.

அம்பிகா டீச்சரும் அந்த பஸ்ஸில் ஏறிப் போனவர்தான். குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற வீட்டில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தார். சும்மா காத்திருப்பானேன் என்று ஷூ கம்பெனியில் சேர்ந்தார். காத்திருந்தது பதினோரு வருடம். கடைசி செக்கிங்கில் நாலாம் நம்பர் மேஜை. ஷூவில் குறை இருந்தால் சின்னச் சிவப்பு அம்பு ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. நடுவில் கம்பெனியில் யாரோ இந்த அம்மா படித்தவர், கொஞ்சம் இங்கிலீஷ் வரும் என்று கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து ஆடிட்டுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது.

ஆடிட் என்றால் கணக்கு பார்ப்பது அல்ல. ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, வேலைக்காரர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆள் அனுப்பும். அவர்கள் ஹாலுக்குள் நடந்துகொண்டே திடீரென்று யாராவது ஒரு பெண்ணிடம் நின்று, உன் வயதென்ன, தண்ணீர் கிடைக்கிறதா, ஓவர்டைம் உண்டா என்று கேட்பார்கள். அந்தப் பெண் முழிக்காமல் பதில் சொல்ல வேண்டும். வயது பதினெட்டு முடிந்துவிட்டது. குடிநீர் இருக்கிறது. ஓவர்டைம் இல்லை. கடைசியாக, நான் இங்கே சந்தோஷமாக இருக்கிறேன், யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, சொந்த விருப்பத்தில் வேலை செய்கிறேன். இதையெல்லாம் இங்கிலீஷில், கையை முன்னால் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு சொல்லப் பழக்கியவர் அம்பிகா. எல்லாம் பொய்யா டீச்சர் என்று ஒருமுறை கேட்டேன்.

"முக்காவாசி நெஜம்தான் சார். ஆனா நெஜத்தையும் ஒத்திகை பார்க்கணும். இல்லன்னா பொய் மாதிரி வெளிய வரும்" என்றார்.

பாடம் நடத்துவதிலும் கம்பெனி வாசனை போகவில்லை. இரட்டைப்படை எண், ஒற்றைப்படை எண் என்று புத்தகத்தில் இருப்பதை எல்லாரும் புளியங்கொட்டை வைத்து நடத்துவோம். இவர் செருப்பு வைத்து நடத்தினார். ஆறு செருப்பு எத்தனை ஜோடி? மூன்று ஜோடி. ஏழு செருப்பு? மூன்று ஜோடி, ஒன்று ரிஜெக்ட். ஒரே மாதத்தில் அந்த வகுப்பில் ஒற்றைப்படை என்ற சொல்லே ஒழிந்துபோயிற்று. பதினேழு எப்படிப்பட்ட எண் என்று நான் ஒரு பையனைக் கேட்டதற்கு, ரிஜெக்ட் எண் சார் என்றான். நான் அதட்டினேன். அவன் பயப்படவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

அந்த வகுப்பில் நவீத் என்று ஒரு பையன். ஒன்றாம் வகுப்பு, ஆறு வயது, முன்பல் இரண்டு இல்லை. அவன் அம்மா ஜஹீதா கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கிறாள். நவீதுக்குக் கூட்டல் வராது. பத்து விரல் வரைக்கும் எப்படியோ ஓட்டுவான். அதற்கு மேல் போனால் விரல் தீர்ந்துவிட்டது என்று கையை விரித்துக் காட்டிவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். அம்பிகா டீச்சர் அவனுக்காகச் செருப்பு, சாக்பீஸ், கொய்யாக்காய் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார். பத்தோடு ஒன்று சேர்த்தால் எத்தனை என்றால், நிறைய என்பான். ஒன்று கூட்டத் தெரியாத பையனை இரண்டாம் வகுப்புக்கு எப்படி அனுப்புவது என்று நான் அடிக்கடி குத்திக் காட்டுவேன். வந்துடும் சார் என்பார்.

டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தாளாளர் துரைசாமி ஐயா வந்தார். எழுபது வயது மனிதர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது. அம்பிகா டீச்சரின் வேலை சர்க்கார் வேலை அல்ல, ஜெர்மனியில் ஒரு சின்ன ஊர்ச் சபை அனுப்புகிற உதவியில் நடக்கிற வேலை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சபையிலிருந்து ஒரு வயதான தம்பதி கிறிஸ்துமஸ் விழாவுக்கு வருகிறார்கள் என்றார் ஐயா. பள்ளிக்கூடம் பிடித்திருந்தால் உதவி தொடரும். பிடிக்கவில்லை என்றால் ஜனவரியிலிருந்து ஒன்றுக்கும் இரண்டுக்கும் டீச்சர் கிடையாது. அம்பிகா டீச்சரை எதிரில் வைத்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பரவாயில்லை டீச்சர், கம்பெனியில்தான் திரும்பக் கூப்பிடுகிறார்களாமே என்று ஏதோ ஆறுதல் சொன்னேன். அவர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கூப்பிடுறாங்க சார். நாலாம் நம்பர் மேஜை இன்னும் காலியாத்தான் இருக்காம். பதினோரு வருஷம் அங்க என்னை மேஜை நம்பர் சொல்லித்தான் கூப்ட்டாங்க. இங்க நான் டீச்சர். போக மாட்டேன் சார்" என்றார்.

அன்று மாலையே ஏற்பாடு தொடங்கியது. நான் நினைத்தது கிறிஸ்துமஸ் ஏற்பாடு. குடில் கட்ட வேண்டும், காகித நட்சத்திரம் தொங்கவிட வேண்டும், பிள்ளைகளுக்கு இயேசு பிறப்பு நாடகமும் ஒரு பாட்டும் சொல்லிக்கொடுக்க வேண்டும். வருஷா வருஷம் செய்வதுதான். ஆனால் வெள்ளைக்காரர் வருகிறார் என்ற சேதி கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்கியதும் ஊரே வேறு மாதிரி ஆகிவிட்டது. இங்கே வெள்ளைக்காரர் வந்தால் அது ஒரே காரியத்துக்குத்தான், ஆடிட். அம்மாக்கள் ஷிப்ட் முடிந்து நேராகப் பள்ளிக்கு வந்து இறங்கினார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. வாளி எடுத்துத் தரையைக் கழுவ ஆரம்பித்தார்கள்.

மறுநாள் வகுப்புத் தரையில் மஞ்சள் பெயிண்டில் நடைபாதைக் கோடு வந்திருந்தது. அதற்கு அடுத்த நாள் வாசலுக்கு மேலே பச்சை நிறத்தில் அவசர வழி என்று அம்புக்குறி. மாட்டுத்தொழுவக் குடிலுக்குப் பக்கத்தில் சிவப்பு வாளியில் மணல், தீப்பிடித்தால் கொட்ட. குடிலின் வைக்கோல் கூரைக்குக் கீழே முதலுதவிப் பெட்டி. இயேசு பாலன் பிறக்கும் இடத்தில் பஞ்சும் டிங்க்சரும் இருப்பது நல்லதுதானே சார் என்றாள் ஜஹீதா.

நாடகத்திலும் கை வைத்தார்கள். மேய்ப்பர்கள் ராத்திரியில் மந்தையைக் காவல் காக்கிறார்கள், அப்போது தேவதூதன் வருகிறான் என்பது கதை. ஒத்திகையைப் பார்த்துக்கொண்டிருந்த ரங்கம்மாள் எழுந்தாள். அவள் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், அவள் மகள் மேய்ப்பர்களில் ஒருத்தி.

"அது நைட் ஷிப்ட் ஆய்டுதே சார். பொம்பளப் புள்ளைங்கள நைட் ஷிப்ட்ல காட்டினா கேள்வி வரும்" என்றாள்.

அது பைபிளில் இருக்கிறது என்று சொன்னேன். எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், கேட்பவன் பைபிளைப் பார்க்க மாட்டான், பிள்ளையைத்தான் பார்ப்பான் என்று எல்லா அம்மாக்களும் சேர்ந்து சொன்னார்கள். நான் அம்பிகா டீச்சரைப் பார்த்தேன். அவர், சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றிவிடலாம் சார், ஜெனரல் ஷிப்ட் முடிகிற நேரம், தேவதூதனும் வெளிச்சத்தில் நன்றாகத் தெரிவான் என்றார். அப்படியே ஆயிற்று. இரண்டாயிரம் வருஷமாக ராத்திரியில் நடந்துகொண்டிருந்தது எங்கள் பள்ளியில் சாயங்காலத்துக்கு வந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆட்டு வேஷத்தைப் போல நான் எங்கேயும் பார்த்ததில்லை. குளிர்நாட்டு பூட்ஸுக்கு உள்ளே தைக்கிற வெள்ளை ரோமத் துணியின் வெட்டுத் துண்டுகளை, கம்பெனியில் கேட்டு வாங்கிவந்து தைத்திருந்தார்கள். ஒரு தையல் கோணல் கிடையாது. ஒவ்வோர் ஆட்டுக்கும் உள்பக்கத்தில் சைஸ் நம்பர்கூட இருந்தது. அம்பிகா டீச்சர் எல்லா ஆடுகளையும் திருப்பிப் பார்த்து, ஒன்றின் வாலில் மட்டும் சிவப்பு அம்பு ஒட்டினார். அந்த ஆடு நவீத். வாலைப் பிரித்துத் தைத்துக்கொண்டு வந்தாள் அவன் அம்மா.

பிறகு மணி ஒத்திகை. விருந்தாளிகள் வந்திருக்கும்போது தீப்பிடித்துவிட்டால் என்ன செய்வது என்று யாரோ கேட்டுவிட்டார்கள். நீண்ட மணி அடித்தால் பிள்ளைகள் ஓடாமல், தள்ளாமல், மஞ்சள் கோட்டின்மேல் வரிசையாக நடந்து வேப்பமரத்தடிக்குப் போய் நிற்க வேண்டும். இதைத் தினம் செய்தார்கள். நாடகத்தைவிட இதில் பிள்ளைகளுக்குப் பிரியம் ஜாஸ்தி. வசனம் மறந்த பிள்ளைகூட வரிசையில் தன் இடத்தை மறக்கவில்லை.

கேள்வி பதிலும் நடந்தது. அதில் அம்பிகா டீச்சர் எந்தக் கோணலும் செய்யவில்லை, நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். உன் பெயர் என்ன, வயது என்ன, என்ன வகுப்பு, பள்ளி பிடிக்குமா. இங்கிலீஷ் புத்தகத்தில் இருக்கிற பாடம்தான். ஐ ஆம் சிக்ஸ் இயர்ஸ் ஓல்ட் என்று நவீத் பல் இல்லாத வாயால் காற்று விட்டுச் சொன்னான். வீட்டிலும் சொல்லிப் பாருங்கள் என்று டீச்சர் பிள்ளைகளை அனுப்பினார். அங்கேதான் வினை.

விழா நாள் வந்தது. அரையாண்டுப் பரீட்சை முடிந்த மதியம். காரிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. பெரியவர் உருண்டையான மனிதர், தன் ஊரில் நாற்பது வருஷம் ரொட்டிக் கடை வைத்திருந்தவராம். அவர் மனைவி மெலிந்த, அமைதியான அம்மா. எதைப் பார்த்தாலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூர்ந்து பார்த்தார். இருவர் கையிலும் ஒரு பெரிய பொட்டலம், பெரியவரே வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த பழ ரொட்டி. ரங்கம்மாள் அவர்களை மஞ்சள் கோட்டின்மேல் நடக்க வைத்து, முதலில் மணல் வாளியைக் காட்டினாள். ரொட்டிக்காரர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். பாவம், வேறு என்ன செய்வார்.

துரைசாமி ஐயா ஜெபம் செய்து முடித்து, விழா தொடங்கட்டும் என்று சொல்லி, வருஷா வருஷம் செய்வதுபோல மணியை எடுத்து அடித்தார். வயதானவர், கையில் நடுக்கம், மணி நீளமாக அடித்துவிட்டது.

மேடையில் தொழுவத்துக்குள் மண்டியிட்டிருந்த மரியாள் எழுந்தாள். மரியாளாக நடித்தது தூபா, ஐந்தாம் வகுப்பு. குழந்தைப் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டில் நடந்தாள். பின்னால் யோசேப்பு, மூன்று ராஜாக்கள், மேய்ப்பர்கள், கடைசியில் ஆடுகள். ஒருவரும் ஓடவில்லை, தள்ளவில்லை. ஒரு நிமிடத்தில் மேடையில் யாரும் இல்லை. எல்லாரும் வேப்பமரத்தடியில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். தேவதூதன் மட்டும் இறக்கை கதவில் மாட்டி நின்றுகொண்டிருந்தான். அவனையும் ரங்கம்மாள் பக்கவாட்டில் திருப்பி வெளியே அனுப்பினாள்.

நாடகமே இதுதான் என்று நினைத்து ரொட்டிக்காரர் கைதட்டினார். அம்மாக்களும் தட்டினார்கள். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எல்லாரையும் திரும்ப உள்ளே கொண்டுவந்து, சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் நற்செய்தி சொல்லி, ராஜாக்கள் பரிசு கொடுத்து, ஒருவழியாக நாடகம் முடிந்தது. நவீத் ஆடாக இருந்து மூன்று முறை நன்றாகவே கத்தினான். அம்பிகா டீச்சர் ஓரத்தில் நின்று உதட்டை மட்டும் அசைத்து எல்லார் வசனத்தையும் சொல்லிக்கொண்டிருந்தார். முடிந்ததும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தப்பித்தோம் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது ரொட்டிக்காரரின் மனைவி மேடைக்கு வந்து, பிள்ளைகளோடு கொஞ்சம் பேசலாமா என்று கேட்டார். நவீத் முன்னால் குனிந்தார்.

பள்ளி பிடித்திருக்கிறதா என்று மெதுவான இங்கிலீஷில் கேட்டார். நவீத் கையை முன்னால் கட்டிக்கொண்டான். குடிநீர் இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னான். இங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ஓவர்டைம் இல்லை என்றான். அந்த அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. உன் வயது என்ன கண்ணா என்று கேட்டார்.

"எய்ட்டீன் கம்ப்ளீட்டட், மேடம்" என்றான் நவீத்.

நான் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். ஜஹீதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அத்தனை பெருமை. வெளிநாட்டுக்காரர் வயது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? முந்தின நாள் மகன் ஆறு என்று சொல்லிக் காட்டியபோது, ஐயோ மாட்டிவிடுவானே என்று பதறித் திருத்தியிருக்கிறாள். அவள் மட்டும் அல்ல, ஒவ்வொரு வீட்டிலும் அதே திருத்தம் நடந்திருக்கிறது. ஜெர்மன் அம்மா அடுத்துத் தூபாவிடம் வயது கேட்டார். மரியாளுக்கும் பதினெட்டு முடிந்திருந்தது, வயதுச் சான்று ஹெட்மாஸ்டர் ரூமில் இருக்கிறது என்று என்னைக் கை காட்டினாள். ரொட்டிக்காரர் சூழ்நிலையைச் சிரிப்பாக்கப் பார்த்து, அப்படியானால் இவருக்கு என்ன வயது என்று பொம்மைக் குழந்தையைத் தொட்டுக் கேட்டார். தூபா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு, எதற்கு வம்பு என்று, அவருக்கும் பதினெட்டு முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. துரைசாமி ஐயாவைத் தனியே அழைத்து, இந்தக் குழந்தைகள் எங்கே வேலை செய்கிறார்கள், இப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டியது யார் என்று கேட்டார். ஐயா வியர்த்துப்போய், எல்லாருமே ஃபேக்டரிதான் மேடம் என்றார். குடும்பங்களைச் சொன்னார், மனிதருக்குப் பதற்றத்தில் பாதிதான் வெளியே வந்தது. அந்த அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஜனவரியில் ஒன்றாம் வகுப்பு நாற்காலி காலியாகக் கிடப்பது அப்போதே கண்ணில் தெரிந்தது.

அம்பிகா டீச்சர் முன்னால் வந்தார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷைத் தட்டுத் தடுமாறிச் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னார். இந்தப் பிள்ளைகள் யாரும் வேலைக்குப் போவதில்லை. அவர்களின் அம்மாக்கள் போகிறார்கள். நானும் போனவள். வெளிநாட்டுக்காரர் கேள்வி கேட்டால் இப்படித்தான் பதில் சொல்ல வேண்டும் என்று இந்த அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். மிரட்டினது யாரும் இல்லை, பழக்கம்.

அந்த அம்மா கேட்டுக்கொண்டார். ஆனால் கண் இன்னும் சுருங்கித்தான் இருந்தது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள், இங்கே சந்தோஷமாக இருக்கிறீர்களா, யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா என்று கேட்டார்.

"ஐ ஆம் ஹேப்பி ஹியர், மேடம். நோபடி இஸ் ஃபோர்ஸிங் மீ. ஐ ஆம் வொர்க்கிங் பை மை ஓன் வில்" என்றார் அம்பிகா டீச்சர்.

கை தானாக முன்னால் கட்டிக்கொண்டது. முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. அதே ராகம், அதே நிறுத்தம். பின்வரிசையில் அத்தனை பேருக்கும் மனப்பாடமான வாக்கியம் அது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. வேறு மாதிரி சொல்ல வாயைத் திறந்தார். திரும்பவும் அதுவே வந்தது, சொல் மாறாமல். கண்ணில் தண்ணீர் நிரம்பிவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"சார், இது நெஜம்னு அவங்களுக்குச் சொல்லுங்க சார். என்கிட்ட இருக்கிற வார்த்தை இதுதான். இப்பதான் சார் நெஜமாச் சொல்றேன்."

ரங்கம்மாள் தரையில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜஹீதா தலை குனிந்துகொண்டாள். அந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருப்பார்கள் இவர்கள். நான் இருபது வருஷமாக இங்கிலீஷ் நடத்துகிறவன். எனக்கு ஒரு நல்ல வாக்கியம் கிடைக்கவில்லை. ட்ரூ, மேடம், வெரி ட்ரூ என்று மட்டும் சொன்னேன்.

ரொட்டிக்காரர்தான் முதலில் பேசினார். தன் கடைக்கும் சுகாதார அதிகாரிகள் வருவார்கள், வேலை பழகும் பையன்களை வரிசையில் நிறுத்தி, கை கழுவினோம், கை கழுவினோம் என்று சொல்ல வைப்பேன், உண்மையாகவே கழுவியிருந்தாலும் அந்த நேரத்தில் திருடர்கள் மாதிரி விழிப்பார்கள் என்றார். ஐயா அதைத் தமிழில் சொன்னதும் அம்மாக்கள் சிரித்தார்கள், முதலில் மெதுவாக, அப்புறம் அடக்க முடியாமல். அந்த அம்மா கைப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார்.

பழ ரொட்டியைப் பிரித்தார்கள். அம்பிகா டீச்சர் அழுத கண்ணோடு ஒன்றை வாங்கி, வழக்கம்போலக் கவிழ்த்தார், அடியில் விரலால் தட்டிப் பார்த்தார், ஓரத்தில் இருந்த ஒரு வெடிப்பைத் தொட்டுக் காட்டினார். நான் பல்லைக் கடித்தேன். ரொட்டிக்காரர் மட்டும் சந்தோஷத்தில் கூவாத குறை. நானும் அடியில் தட்டித்தான் வெந்ததா என்று பார்ப்பேன், இந்த வெடிப்பு என் மனைவி கண்ணுக்கே தப்பியது என்றார். கார் கிளம்பும்போது ஐயாவைக் கூப்பிட்டு, அந்த டீச்சர் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் போய்ச் சொன்னபோது அவர் ஆட்டு வேஷங்களை எண்ணி மடித்துக்கொண்டிருந்தார். சரி சார் என்றவர், ஒரு ஆட்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் அவர்கள் வந்தார்கள். இந்தத் தடவை யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று அம்மாக்களைக் கூட்டிக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மணியை ஒளித்துவைத்தேன். மேய்ப்பர்கள் ராத்திரிக்கே திரும்பினார்கள். நவீத் இரண்டாம் வகுப்பு, முன்பல் முளைத்துவிட்டது, ஆட்டு வேஷம் ஒரு சைஸ் கூடியிருந்தது. நாடகம் முடிந்ததும் ரொட்டிக்காரரின் மனைவி நேராக அவனிடம் வந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு, இப்போது உன் வயது என்ன என்று கேட்டார்.

நவீத் உடனே சொல்லவில்லை. கூரையைப் பார்த்தான். விரல்களைப் பார்த்தான், அவை போதவில்லை என்று தெரிந்து மடக்கிக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது.

"நைன்டீன், மேடம்" என்றான்.

நான் அம்பிகா டீச்சரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அவனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கூட்டல் சரியா இருக்கு சார்" என்றார்.